அம்மாக்கள் கத்தாத கடற்கரை

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக எந்தக் கடற்கரை நல்லது என்று ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்னிடம் கேட்பார்கள் தெரியுமா? ஹோட்டல் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தக் கொடுமை புரியும். அறைச் சாவியை வாங்கும் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். அலை பெரிதாக இருக்குமா, திடீர்ப் பள்ளம் உண்டா, மணலைக் கழுவக் குழாய் இருக்குமா, கழிப்பறை எவ்வளவு தூரம், நிழல் இருக்குமா. கடலை ஒரு வாளியில் பிடித்து அறைக்கே அனுப்பச் சொல்லவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். நானும் இளித்துக்கொண்டே பதில் சொல்வேன். அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்.

எங்கள் ஹோட்டல் படகுத்துறையை ஒட்டி இருக்கிறது. வாசலில் இறங்கினால் கல் பாவிய நடைபாதை, வரிசையாக ஐஸ்கிரீம் கடைகள், தொப்பிக் கடைகள், படகுச் சவாரிக்குக் கூவிக் கூவி ஆள் பிடிக்கிறவர்கள். பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் காலை வைக்க முடியாது, டீசல் மினுமினுக்கும். குளிக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்ச தூரம் போகவேண்டும். எங்கே போவது என்பதில்தான் குடும்பங்களுக்கு அத்தனை சந்தேகம்.

மேனேஜருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் குடும்பங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மேடம், குடும்பத்தோட போற மாதிரி பீச் எதெல்லாம்னு நீங்களே நேர்ல பார்த்துச் சொல்லுங்க. வாசல்ல ஒரு போர்டு வச்சிடலாம். அங்கங்க நம்ம வேனும் போகட்டும். புள்ள பெத்தவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

புள்ளை பெற்றவளுக்கு என்ன தெரியும்? கத்தத் தெரியும். ஆகவே அதையே அளவாக வைத்துக்கொண்டேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு கடற்கரைக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வேன். அம்மாக்களின் குரலை மட்டும் கேட்பேன். "டேய், அங்க போகாதே!", "இந்தப் பக்கம் வாடி!", "முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா தோலை உரிச்சிடுவேன்!" என்று ஓயாமல் கேட்டால் அந்த இடத்தில் இழுப்பு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, ஏதோ ஒரு வில்லங்கம் இருக்கிறது. எப்போதாவது ஒரு குரல் கேட்டால் பரவாயில்லை. கடல் எப்படி என்று கடலிடம் கேட்டால் சொல்லுமா? அம்மாக்களின் தொண்டை சொல்லிவிடும்.

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடற்கரையில் அம்மாக்களுக்குத் தொண்டையே கட்டிப்போயிருந்தது. படகுக் கொட்டகைக்குப் பின்னால் இருப்பது அதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனாலும் ஒரு அப்பா பேண்ட்டோடு தண்ணீருக்குள் ஓடியதை நானே பார்த்தேன். மூன்றாவதுக்கு எங்கள் வேன் டிரைவர் அண்ணன்தான் கூட்டிப்போனார். பூட்டிக் கிடக்கிற மீன் டப்பாத் தொழிற்சாலையைத் தாண்டி, தார்ச்சாலை முடிகிற இடத்தில், கல் படிகள் இறங்குகின்றன. கீழே அரைவட்டமாக மணல். தண்ணீர் எவ்வளவு தூரம் போனாலும் கணுக்காலைத் தாண்டாது போலிருந்தது. அலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சின்னது.

வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். குழந்தைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது, தண்ணீரை அடித்து விளையாடுகிற சத்தம் கேட்டது. ஒரு அம்மாவின் குரல்கூடக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தும் கேட்கவில்லை. அம்மாக்களே வரவில்லையோ என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். இருந்தார்கள். துண்டு விரித்து, கையை மடியில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் முகம் இருக்குமே, அப்படி இருந்தது ஒவ்வொருத்தி முகமும். பெரியவர்கள் கொஞ்சம் பேர்தான். தண்ணீரில் குழந்தைகள் அதைவிட நிறைய இருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்க, தண்ணி பயமில்லையா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"பயமா? எதுக்குப் பயம்?" என்று அவள் சிரித்தாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

எனக்கும் அப்போது எந்தப் பயமும் இல்லை. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தேனா, மகளுக்கு ஜலதோஷம் தேவலையா, பள்ளிக்கூட வேன் நேரத்துக்கு வருமா என்று இருபத்துநாலு மணி நேரமும் தலைக்குள் ஓடுகிற நச்சரிப்பு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக நின்றது. அடடா, என்ன சுகம்! டிரைவர் அண்ணன் மேலேயிருந்து ஹார்ன் அடிக்காமல் இருந்திருந்தால் இருட்டுகிற வரைக்கும் அங்கேயே கிடந்திருப்பேன். வாசல் போர்டில் அந்தக் கடற்கரையைத்தான் முதல் இடத்தில் எழுதச் சொன்னேன்.

போர்டு வைத்த மறுவாரமே விடுமுறை வந்தது. முதல் ஆளாக ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களுக்கு ஒரு பையன், முன்பல் இரண்டும் விழுந்த வயசு. மேசைமேல் ஆள் கூப்பிடுவதற்கு ஒரு சின்ன மணி வைத்திருப்போம். நான் அவன் முன்னாலேயே நின்றுகொண்டிருக்க, அந்த மணியை டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். "தம்பி, ஆன்ட்டி இங்கதானே இருக்கேன்!" என்றால், "தெரியுமே!" என்று அந்தப் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறான். மணிப்பயல் என்று மனசுக்குள் பேர் வைத்தேன். அவனுடைய அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "எங்களுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி இல்லைங்க. கொஞ்சம் சும்மா உட்கார்ற மாதிரி ஒரு பீச் சொல்லுங்க," என்றாள்.

"உங்களுக்காகவே ஒண்ணு இருக்கு," என்றேன்.

அதே வேனில் என் வீட்டுக்காரரும் போனார். அவருக்கு அன்றைக்கு லீவு, எனக்கு வேலை. பரம சாது அவர். ஓரிடத்தில் உட்கார்ந்தால் நகர்த்துவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். அவரோடு என் மகள் வாலு. வாலு என்பது வீட்டில் கூப்பிடுகிற பேர், காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. மேசையிலிருந்து எழுந்து வாசல்வரைக்கும் ஓடிப்போய், "ரொம்ப நேரம் தண்ணில ஊறாதே! காது வலிக்குதுன்னு ராத்திரி அழுதே, பாரு!" என்று கத்தினேன். அவள் ஜன்னல் வழியாக நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

மத்தியானத்துக்குமேல் அந்தத் தம்பதி வாடகைக் காரில் திரும்பி வந்தார்கள். வெயிலில் சிவந்து, தூங்கி எழுந்த முகத்தோடு, ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு வந்தார்கள். "ரொம்ப தேங்க்ஸ்ங்க. இப்படி ஒரு ரெஸ்ட் எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு!" என்று அவள் சொன்னாள். நான் கம்ப்யூட்டரில் மும்முரமாக இருந்தேன், தலையை ஆட்டி வைத்தேன். அவர்கள் மாடிக்குப் போனபிறகுதான் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. மணியை யாரும் அடிக்கவில்லை.

சற்று நேரத்தில் அறைகளைச் சுத்தம் செய்கிற அக்கா, குழந்தைக் கட்டிலை மடக்கித் தூக்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து வந்தாள்.

"என்னக்கா, அதை ஏன் எடுத்துட்டு வர்றீங்க?"

"அந்த மேடம்தான் எடுக்கச் சொன்னாங்க. நாங்க ரெண்டு பேர்தானே, எங்க ரூம்ல எதுக்கு இது, இடத்த அடைக்குதுன்னாங்க. முன்னாடி தங்கினவங்க இதையும் விட்டுட்டுப் போயிட்டாங்க போலன்னு இதையும் குடுத்துவிட்டாங்க." கட்டில்மேல் ஒரு சின்னப் பனியன் இருந்தது.

நான் அறைக்குப் போன் அடித்தேன். "மேடம், கட்டிலை எடுத்துட்டா உங்க பையன் எங்க படுப்பான்?"

"எந்தப் பையன்?"

"உங்க பையன்தாங்க. காலையில இங்க மணி அடிச்சிட்டு இருந்தானே."

அவள் சிரித்தாள். கேலியாகக்கூட இல்லை, பாவம், யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்பதுபோலச் சிரித்தாள். "வேற யாரையோ நெனச்சிட்டுச் சொல்றீங்க. எங்களுக்குக் குழந்தை இல்லைங்க," என்றாள். பின்னாலிருந்து அவள் கணவன், "யாரு?" என்று கேட்பதும், "ஒண்ணுமில்ல, ஏதோ குழப்பம்," என்று அவள் சொல்வதும் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

விளையாட்டா? சண்டையா? பிள்ளையைத் தொலைத்துவிட்டு நாடகம் ஆடுகிறார்களா? என் புத்தி எங்கெங்கோ ஓடியது. ஓடி ஓடிக் கடைசியில் கல் படிக்குக் கீழே போய் நின்றது. அந்தக் காய்ச்சல் விட்ட முகங்கள், "எதுக்குப் பயம்?" என்று கேட்டவள், யாருடையவை என்றே தெரியாத அத்தனை குழந்தைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அங்கே அம்மாக்கள் ஏன் கத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

எடுத்தார். "சொல்லும்மா."

"வாலு எங்கங்க?"

"எந்த வாலு?"

"விளையாடாதீங்க. நம்ம வாலு. அவகிட்ட போனைக் குடுங்க."

"நாய்க்குட்டி ஏதாவது வாங்கியிருக்கியா?" என்று கேட்டார். அந்தக் குரலில் அப்படியொரு நிதானம். "இங்க ரொம்ப நல்லா இருக்கும்மா. நீயும் லீவு போட்டிருக்கலாம். நாம ரெண்டு பேரும் வந்திருக்கலாம்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. மேசை, சாவி, வரிசையில் நின்றவர்கள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். மேனேஜர், "மேடம், மேடம்!" என்று பின்னால் கூப்பிட்டார். கூப்பிடட்டும். டிரைவர் அண்ணன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்த பீச்சுக்கு விடுங்க, சீக்கிரம்!" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் துணியை வீசிவிட்டு வண்டியைக் கிளப்பினார். போகிற வழியெல்லாம் நானேதான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர், "இருக்காது, இருக்காதும்மா," என்று மட்டும் சொன்னார்.

படியில் இறங்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். "ஏய் வாலு! எங்கடி இருக்கே? வாடி இங்க!" அந்த அமைதியில் என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சினிமா நடக்கும்போது எவனாவது போனில் பேசினால் பார்ப்போமே, அந்தப் பார்வை. நான் விடவில்லை. கத்துகிற வரைக்கும் மறக்க முடியாது என்று எனக்குள் ஒரு கணக்கு.

என் வீட்டுக்காரர் துண்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வந்துட்டியா! உட்காரு, உட்காரு."

"எங்கங்க அவ? நம்ம பொண்ணு எங்க?"

"ஏன்மா இப்படிக் கத்தறே? எல்லாரும் பாக்கறாங்க," என்றார். பிறகு மெதுவாக, ஆறுதல் சொல்கிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நமக்கேதும்மா பொண்ணு?" என்றார்.

அவரை ஓங்கி அறையலாம் என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. எதற்காகத் தூக்கினேன்? "வாலு!" என்று இன்னொரு தடவை கத்தினேன். வாலு என்றால் யார் என்று அப்புறம் யோசித்தேன். ஏதோ பேர். ஏதோ ஒரு வேலையாக வந்தேன், அது அவ்வளவு அவசரமில்லை என்று தோன்றியது. மூச்சு வாங்கியது. இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறோமே, கொஞ்சம் உட்கார்ந்தால் என்ன? உட்கார்ந்தேன். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. கடல் மிக அழகாக இருந்தது. அவர் என் தோளில் கை போட்டார். எனக்கு உலகத்தில் ஒரு கவலையும் இல்லை.

எவ்வளவு நேரம் போனதோ. முன்னால் ஒரு சின்னப்பெண் வந்து நின்றாள். சொட்டச்சொட்ட நனைந்திருந்தாள், உதடு உப்பில் வெளுத்திருந்தது.

"கூப்பிட்டியேம்மா. ரொம்ப தூரத்துல இருந்தேன், அதான் லேட்டு. எனக்குப் பசிக்குது. இங்க பழகிட்டா அப்புறம் பசிக்காதாம், அவங்கெல்லாம் சொல்றாங்க. ஆனா எனக்குப் பசிக்குது."

யாருடைய பெண் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். "பாப்பா, உங்க அம்மா எங்க?"

அவள் முகம் கோணியது. "அம்மா, பயமா இருக்கு, அப்படிப் பேசாதே."

பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குச் சொந்த பந்தம் எல்லாம் வேண்டியதில்லை, பொறுப்பில்லாதவர்களைக் கண்டாலே வரும். குழந்தைக்குக் குளிரில் பல் தந்தியடிக்கிறது, பெற்றவள் எங்கேயோ காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள்! "யாருங்க இந்தப் பொண்ணோட அம்மா?" என்று எழுந்து நின்று கேட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்கள். பக்கத்தில் கேட்டேன், தள்ளிப்போய்க் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. "இப்படி விட்டுட்டுப் போயிருக்காளே, அவ மனுஷியா? கையில கெடச்சா நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்," என்று திட்டிக்கொண்டே அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தேன். மேலே எங்கள் வேன் நிற்கிறது, டிரைவரிடம் சொல்லி போலீசிலாவது ஒப்படைக்கலாம். "என்னங்க, அந்தப் பையைத் தூக்கிட்டு வாங்க!" என்று வீட்டுக்காரரை ஒரு அதட்டுப் போட்டேன். எதற்கு என்று கேட்காமல் வந்தார். நான் அதட்டினால் வந்துவிடுவார், அது ஒன்று.

படியேறித் தார்ச்சாலையில் கால் வைத்தேன். அந்தப் பெண்ணும் வைத்தாள். கையில் பிடித்திருந்த மணிக்கட்டு யாருடையது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது.

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கட்டிக்கொண்டு என்ன சொல்லி அழுதேன் என்று எனக்குத் தெரியாது. வாலு, என் தங்கமே, நான் பாவி, என்னென்னவோ. என் வீட்டுக்காரர் பையைப் போட்டுவிட்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெற்ற மகளைப் பார்த்து உன் அம்மா எங்கே என்று கேட்டவள் நான்.

வாலுதான் முதலில் அழுகையை நிறுத்தினாள். படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "தம்பி இன்னும் வரலையேம்மா," என்றாள்.

"எந்தத் தம்பி?" என்றேன்.

நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிரைவர் அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் குழறியது. "என்னம்மா நீங்க... காலையில ரெண்டு பேரையும் நான்தானே இறக்கிவிட்டேன். சின்னவன் என் மடியில உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கணும்னு ஒரே அடம்."

என் வீட்டுக்காரர் தன் போனை எடுத்தார். காலையில் எடுத்த படம் இருந்தது. வாலு நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் ஒரு குண்டுப் பையன். முந்தின படத்திலும் அவன் இருந்தான். அதற்கு முந்தினதில் என் இடுப்பிலேயே உட்கார்ந்திருந்தான், என் தாலிச் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு. நான் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் நான் சொன்னதில் அவன் எங்கேயும் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இருக்கிறபடிதான் சொன்னேன். காலையில் வேன் ஜன்னலில் வாலுவைப் பார்த்தது நினைவிருக்கிறது, அவளுக்குப் பக்கத்தில் வெறும் சீட்தான் தெரிகிறது. பிரசவ வலி ஒரு தடவைதான் நினைவிருக்கிறது. படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தும், பக்கத்து வீட்டுப் பிள்ளை, நல்ல கொழுகொழு பிள்ளை என்பதற்குமேல் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அழுகை வரவில்லை. அழுகை வரவில்லையே என்றுதான் பயம் வந்தது.

"நான் போய்த் தூக்கிட்டு வர்றேன். எனக்கு அவன் முகம் தெரியும்," என்று டிரைவர் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். மணலில் கொஞ்ச தூரம் வேகமாகத்தான் நடந்தார். பிறகு நடை தளர்ந்தது. நின்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து, மெள்ள உட்கார்ந்தார். நாங்கள் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

நான் படியில் காலை வைத்தேன். வாலு என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ போகாதே! போனா என்னையும் மறுபடி மறந்துடுவே. இங்கிருந்தே கூப்பிடு. நீ கத்தினது கேட்டுத்தானே நான் வந்தேன். நானும் கூப்பிட்டேன், அவன் வரமாட்டேங்கறான். நீ கூப்பிட்டாதான் வருவான்."

"அவனை நான் எப்படிடி கூப்பிடுவேன்?"

பெற்றவள் கேட்கிற கேள்வியா அது? வாலு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "டமாரம்னு கூப்பிடுவே. 'டேய் டமாரம்'னு. ஓயாம சத்தம் போடறான்னு நீதான் பேர் வச்சே."

முதல் படியின் விளிம்பில் நின்றுகொண்டு கத்தினேன். "டேய் டமாரம்! வாடா இங்க!" அந்தப் பேர் என் வாயில் ஒட்டவே இல்லை. வராத கோபத்தை வரவழைத்துக் கத்தினேன். "எவ்வளவு நேரம்டா தண்ணில இருப்பே? காலை ஒடைச்சிடுவேன், வாடா!"

மணலில் இருந்தவர்கள் ஒருவரும் அசையவில்லை. தண்ணீரில் சிரிப்புச் சத்தம் நின்றது. அவ்வளவு குழந்தைகளும் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார்கள். ஒரு அம்மா கத்துகிறாள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாளாகக் கேட்காத சத்தமோ. ஓட ஆரம்பித்தார்கள். சின்னது, பெரியது, தத்தித் தத்தி நடக்கிறது எல்லாமே கரையைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில் புகுந்து, எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் விற்காத மாதிரியான குளியல் உடுப்புப் போட்டிருந்த சிலரையும் பார்த்தேன்.

கீழ்ப்படி வரைக்கும் வந்தார்கள். அங்கே நின்று ஒவ்வொருவராக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இவள் நம் அம்மா இல்லை என்று தெரிந்ததும், திரும்பித் தண்ணீருக்குப் போனார்கள். ஒருத்தரும் அழக்கூட இல்லை. கூட்டத்தில் பொக்கை வாய் ஒன்று தெரிந்தது. "டேய் மணிப்பயலே, நீயா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அவ்வளவுதான், தாவித் தாவிப் படியேறி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். உடம்பு ஐஸாக இருந்தது. அவனைப் பார்த்ததில் எனக்கு உண்மையாகவே அப்படியொரு சந்தோஷம்.

"அம்மா, அதோ! தம்பி!" என்று வாலு கத்தினாள்.

கீழ்ப்படியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். படத்தில் பார்த்தவன்தான். கொழுகொழுவென்று, தொப்புள்வரை மணலோடு. மற்றவர்களைப்போல அவனும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். அதை என் முகத்தில் கொண்டுவர என்ன பாடு பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சிரிப்பு, சாவி கேட்டு வருகிறவர்களுக்குச் சிரிப்பது. அதைச் சிரித்தேன். "வாடா கண்ணா," என்றேன்.

அவன் ஓரடி பின்னால் வைத்தான். கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டான். அப்புறம் திரும்பி, கூட்டத்தோடு கூட்டமாகத் தண்ணீரைப் பார்த்து நடந்தான். கொஞ்ச நேரத்தில் அத்தனை ஈர முதுகுகளில் எது அவனுடையது என்று தெரியவில்லை.

"ஏன்டி போறான்? ஏன் போறான் அவன்?" என்று வாலுவைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் தேம்பிக்கொண்டே சொன்னாள்: "தெரியாதவங்க கூப்பிட்டா போகக்கூடாதுன்னு நீதானம்மா அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கே."